தட்டில் வைக்காத கோட்டு

பாரு தாயி, நல்லாவே பாரு. ஏறுனதுல இருந்து ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே வர்ற. கோட்டைத்தானே? மதுரையில ஒரு பொம்பளை சேலைக்கு மேல இம்மாம் பெரிய கோட்டைப் போட்டுக்கிட்டு ரயிலேறுனா யாருதான் பாக்க மாட்டாக? பெட்டி தூக்குனவன்கூடச் சிரிச்சான். சிரிக்கட்டும். நான் சிரிக்கிற நாளு வருது.

கிறுக்கு கிறுக்குன்னு நினைச்சிராத. மெட்ராஸ்ல இறங்கி விமானம் ஏறப் போறோம். மகன் மான்செஸ்டர்ல இருக்கான். பெட்டிக்கு இம்புட்டுத்தான் எடைன்னு கணக்கு வச்சிருக்காங்களா, பருப்புப் பொடி, வத்தல், சாத்தூர்ச் சேவுன்னு வச்சதுலயே அது முடிஞ்சு போச்சு. உடம்பு மேல கிடக்கிறதை எவனும் எடை போட மாட்டான்ல. அதான் எல்லாத்தையும் மேல ஏத்திக்கிட்டேன். பாவாடைக்கு உள்ள கம்பளிக் கால்சட்டை. மெட்டிக்கு மேல சாக்ஸு, சாக்ஸுக்கு மேல ஷூ. ஏசி பெட்டிதான், ஆனாலும் முதுகுல வேர்த்து ஊத்துது.

எங்க வீட்டுக்காரக அடுத்த பெட்டியில இருக்காக. சேந்தாப்புல சீட்டு கிடைக்கல. நல்லதாப் போச்சு. அவுக முன்னாடி இதைப் பேச முடியாது. "இன்னுமா அந்தக் கோட்டை விடல நீ?"ம்பாக. விடுறதா? நானா?

இந்தா, என் மடியில இருக்கே இந்தப் பை, இதுக்குள்ள இன்னொரு கோட்டு இருக்கு. போட்டிருக்கிறது குளிருக்கு. பைக்குள்ள இருக்கிறது பழிக்கு.

யாரைப் பழி வாங்கப் போறேன்னு கேக்குறியா? என் சம்பந்தியை. மருமகளோட அம்மா. பேரு மனோரஞ்சிதம், திண்டுக்கல்காரி. ஆளு நெட்டை, ஒல்லி. பேசுனா கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும், அம்புட்டு மெதுவா. மெதுவாப் பேசுறவங்களை நம்பவே கூடாது தாயி. என்னைய மாதிரிக் கத்துறவ மனசுல ஒண்ணும் தங்காது. எனக்கெல்லாம் அப்பவே வாய் வழியா வெளிய போயிரும்.

நாலு வருஷத்துக்கு முந்தி பேரன் பொறந்தான். பிரசவத்துக்கு அவதான் போனா. அது முறை, பொண்ணைப் பெத்தவதானே போகணும். அவ திரும்புறதுக்கு முந்தி நான் போய்ச் சேரணும், பிள்ளையைக் கை மாத்திக்கிறதுக்கு. நல்ல மார்கழி. போறதுக்கு முந்தி நானே போன் போட்டுக் கேட்டேன், மரியாதையாத்தான் கேட்டேன். "சம்பந்தி, அங்க குளிர் எப்படி? என்ன என்ன துணி எடுத்துக்கிட்டு வரட்டும்?" அதுக்கு அவ சொல்றா, "நீங்க ஒண்ணுமே வாங்காதீங்க சம்பந்தி. நம்ம ஊர்ல விக்கிறது இந்தக் குளிருக்குத் தாங்காது. இங்க வாங்க, நான் பாத்துக்கிறேன்." நான் பாத்துக்கிறேன்னா! அந்த வார்த்தையைக் கவனிச்சுக்கோ.

நானும் நம்பிப் போனேன். என்னிக்கோ கொடைக்கானல்ல வாங்குன ஒரு ஸ்வெட்டரு, ஒரு குரங்குக் குல்லா, அம்புட்டுத்தான் என் பெட்டியில இருந்த கம்பளி. மகன் வீட்டுக்கு மொத மொதல்ல போறோமேன்னு பச்சைப் பட்டு, கால்ல செருப்பு. அங்க போய் வெளிய கால் வச்சா மழை. நம்ம ஊரு மழை மாதிரி கொட்டித் தீத்துட்டுப் போற மழை இல்ல தாயி அது. பொடிப் பொடியா, குறுக்கால அடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, எலும்பு வரைக்கும் நனைஞ்சிருக்கும். மெட்டி ரெண்டும் சில்லிட்டுப் போய் விரலைக் கடிக்குது. கொசுவம் ஈரத்துல காலோட ஒட்டுது, நடக்க முடியல.

ஏர்போர்ட்டுக்கு மகன் வரல. பாவம், அவனுக்கு வேலை, லீவு தரமாட்டேன்னுட்டாங்க. மருமக பிள்ளையைப் பின்சீட்டுல வச்சுக் காரை எடுத்துக்கிட்டு வந்திருந்தா. கூட இவளும் வந்திருந்தா. எப்படி வந்திருந்தா தெரியுமா? முழங்காலுக்குக் கீழ வரைக்கும் கோட்டு, கழுத்துல சால்வை, கால்ல பூட்ஸு. அவளுக்கென்ன, மெட்டி இல்லாத காலு, சர்ருன்னு பூட்ஸுக்குள்ள போயிரும். நான் நடுங்கிக்கிட்டு நிக்கிறேன், இவ தொரைச்சாணி மாதிரி நிக்கிறா.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். கார் நிப்பாட்டுற இடத்துல, நாலு வெள்ளைக்காரன் போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருக்கிற இடத்துல, பின்னால இருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தா. அதுக்குள்ள இருந்து ஒரு கோட்டை உருவினா. "போட்டுக்குங்க சம்பந்தி"ன்னு நீட்டுனா. அம்புட்டுத்தான். தட்டு இல்ல. வெத்தலை பாக்கு இல்ல. ஒரு குங்குமம் இல்ல. வீடு வரைக்கும்கூடப் பொறுக்கல. சம்பந்திக்கு ஒரு ஜாக்கெட் துணி குடுத்தாக்கூட நம்ம பக்கம் தட்டுல வச்சு, மூலையில மஞ்சள் தடவித்தானே குடுப்போம்? வீட்டு வேலைக்கு வர்றவளுக்குப் பொங்கலுக்குச் சேலை குடுத்தாக்கூட நான் மஞ்சள் வைக்காமக் குடுத்ததில்ல. மஞ்சள் இல்லாத துணின்னா அது யாரோ உடுத்திக் கழிச்ச துணி. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கோட்டுல விலைச்சீட்டு இருக்கான்னு பாத்தேன். அதுவும் இல்ல. புரிஞ்சு போச்சு. தான் போட்டுச் சலிச்சதை என் தலையில கட்டப் பாக்குறா. அதுக்குத்தான் "ஒண்ணும் வாங்காதீங்க"ன்னு அங்க இருந்தே அணை போட்டிருக்கா.

"எனக்குக் குளிரல சம்பந்தி"ன்னேன். பல்லு கடகடன்னு அடிக்குது, அதோடயே சொன்னேன். அவ மறுபடியும் நீட்டுனா. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுக் கார்ல ஏறிட்டேன். வீடு வர்ற வரைக்கும் அவ அந்தக் கோட்டை மடியில வச்சுத் தடவிக்கிட்டே வந்தா. விட மனசில்ல பாரு, பழசுன்னாலும்.

அங்க இருந்த நாளெல்லாம் நான் அதைத் தொடல. வெளிய போகணும்னா மகனோட சட்டை ஒண்ணு கிடந்துச்சு, அவன் சைக்கிள்ல போறப்பப் போடுறது. பளீர்னு மஞ்சக் கலரு, குறுக்கால வெள்ளியா மின்னுற பட்டை. கையை மூணு மடிப்பு மடிச்சு, அதைப் போட்டுக்கிட்டு, தலையில குரங்குக் குல்லாயோட போவேன். மகன் "ரெண்டு மாசந்தானேம்மா, அதுக்கு எதுக்குப் புதுசு"ன்னான். அவன் சொல்றதும் சரிதானே, பிள்ளை சம்பாதிக்கிறதை நாம கரியாக்கக் கூடாதுல்ல.

அவ ஊருக்குத் திரும்புறதுக்கு முந்தி எங்களை எங்கயோ மணிக்கூண்டு பாக்கக் கூட்டிக்கிட்டுப் போனாக. அங்க நின்னு மருமக ஒரு போட்டோ எடுத்தா. இவ அதை வாங்கி, எங்க சொந்தக்காரக குரூப்பு ஒண்ணு போன்ல இருக்கு, அம்புட்டுப் பேரும் இருக்கிற குரூப்பு, அதுல போட்டுட்டா. "நானும் என் சம்பந்தியும்"னு எழுதி வேற. அடுத்த நிமிஷம் என் நாத்தனார் மகன் கேக்குறான், "சம்பந்தியம்மா தெரியுறாக, பக்கத்துல நிக்கிற டிராபிக் போலீஸ் யாரு?"ன்னு. அதுக்குக் கீழ சிரிப்புப் பொம்மையா விழுது தாயி. கண்ணுல தண்ணி வர்ற சிரிப்புப் பொம்மை. ஊருக்கு வந்தா கல்யாண வீட்டுல, கருமாதி வீட்டுல, "என்ன போலீஸக்கா, எப்ப வந்தீக?" இப்பவும் கேக்குறான் ஒருத்தன். நீயும் சிரிக்கிற பாத்தியா. சிரி, சிரி. நீ சின்னப் பிள்ளை, உன் மேல கோவமில்ல.

ஏன் எனக்கு அப்படிச் செஞ்சான்னு நீ கேக்கலாம். எனக்குத் தெரியும். வளைகாப்பை மனசுல வச்சுக்கிட்டுச் செஞ்சா.

மருமக ஊருக்கு வந்திருந்தப்ப அவளுக்கு வளைகாப்பு திண்டுக்கல்ல அவ அம்மா வீட்டுலதான் நடந்துச்சு. அப்ப சம்பந்தியோட வீட்டுக்காரர் தவறி மூணு நாலு மாசம் இருக்கும். நல்ல மனுசன். சரி, அதுக்கு நாம என்ன செய்ய? இவ சீர்த்தட்டைத் தூக்கிக்கிட்டு முன்னால வர்றா. நான் வேணும்னு சொல்லல தாயி, நாலு பேர் வாய்க்குப் பயந்து சொன்னேன். தனியாக் கூப்பிட்டு, தன்மையாத்தான் சொன்னேன். "சம்பந்தி, நீங்க உள்ளயே இருங்க. தட்டு, மஞ்சள், குங்குமம் எல்லாம் உங்க தம்பி பொண்டாட்டி பாத்துக்கிடட்டும். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, நல்லது நடக்கிற இடம்." அவ "சரிங்க சம்பந்தி"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. வளையல் போட்டு முடியிற வரைக்கும் வெளிய வரல. சரின்னுட்டா என்ன, மனசுக்குள்ள வச்சுக்கிட்டா. வச்சுக்கிட்டுத்தான் அங்க வரவழைச்சு என்னைய நனைய விட்டா.

அந்தக் கோட்டை நான் அங்கயே போட்டுட்டு வந்திருப்பேன். மருமகதான் எனக்குத் தெரியாமப் பெட்டியில வச்சு அனுப்பிட்டா. நாலு வருஷமா பீரோவுல அந்துருண்டைக்கு நடுவுல கிடந்துச்சு. பீரோவைத் திறக்கிறப்ப எல்லாம் பாப்பேன். பாத்துட்டு மூடுவேன்.

இப்ப நேரம் வந்திருச்சு. மகன் அங்க சொந்த வீடு வாங்கிட்டான். தையில பால் காய்ச்சுறான். நம்ம சனம் நிறைய வருது. பொண்ணு வீட்டுச் சீர் வரும். இவ எங்களுக்கு முந்தியே அங்க போயிட்டா, தட்டு தூக்குறதுக்கு இப்ப லண்டன்ல இருக்கிற அவ தம்பி பொண்டாட்டியும் வர்றாளாம். அவங்க தட்டு வச்சா நாங்க பதில் மரியாதை வைக்கணும்ல? வைக்கிறேன். வெண்கலத் தாம்பாளம் பெட்டிக்குள்ள இருக்கு. அதுல வாழைப்பழம், வெத்தலை பாக்கு, நடுவுல இந்தப் பழைய கோட்டை மடிச்சு வச்சு, சபை கூடி இருக்கிறப்ப அவ முன்னாடி கொண்டு போய் வைக்கப் போறேன். "சம்பந்தி, நீங்க உடுத்திக் குடுத்ததை நான் பத்திரமா வச்சிருந்தேன், எண்ணிப் பாத்து எடுத்துக்குங்க." இம்புட்டுத்தான் சொல்வேன். மெதுவாச் சொல்வேன், அவளை மாதிரியே. அதுக்கப்புறம் அவ மூஞ்சியை எந்த அடுப்படியில கொண்டு போய் வைக்கிறான்னு பாக்கணும்.

என்ன, தப்புன்னு சொல்றியா? அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னா? கேக்குறதா! கேட்டா நான் இறங்கிப் போன மாதிரி ஆயிராதா?

இரு, நம்ப மாட்டேங்குற. காட்டுறேன் பாரு. பையைப் பிடி. இதுதான். நீலக் கலரு. துணி என்னவோ கெட்டித் துணிதான், அதுல குறை சொல்லக் கூடாது. என் அளவா? ஆமா, எனக்குன்னு அளவெடுத்த மாதிரித்தான் இருக்கு, வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு ஒருக்காப் போட்டுப் பாத்தேன். அவ ஒல்லியாச்சே, குட்டையும் அகலமுமா இருக்கிற கோட்டு அவளுக்கு எதுக்குன்னா கேக்குற? அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? துவைச்சுச் சுருங்கியிருக்கும். சுருங்குனா அகலமும் சுருங்காதான்னு குறுக்குக் கேள்வி கேக்காத. பெரிய அத்தாட்சி வேற இருக்கு. இங்க, காலரைத் திருப்பு. உள்பக்கம், பிடரி படுற இடம். தெரியுதா? மஞ்சளா? குழம்புக் கறை! சாப்பிட்ட கையோட போட்டுக் கழட்டியிருக்கா. ஊருக்கு வந்து பீரோவுல வைக்கிறப்பத்தான் அதையும் கண்டுபிடிச்சேன். பாத்த நிமிஷம் என் வயிறு எரிஞ்சுச்சு பாரு. எச்சிக் கறை படிஞ்ச துணியை என்கிட்ட நீட்டியிருக்காளே!

சரி, மடிச்சு வை. வேர்க்கடலை சாப்பிடுறியா? எடுத்துக்கோ, உறைப்பு கம்மிதான்.

நான் போட்டிருக்கேனே, இது எங்க வாங்குனதுன்னு கேக்கலையே நீ. வாங்கல, தைச்சது. மதுரையில வக்கீல் கோட்டு தைக்கிற ஒருத்தர் இருக்காரு. "பொம்பளைக்குக் கோட்டு தைச்சதே இல்லம்மா"ன்னாரு. "வக்கீலுக்குத் தைக்கிற மாதிரியே தைங்க, நானும் ஒரு கேஸுக்குத்தான் போறேன்"னேன். முந்தானை உள்ள அடங்கணும், கொசுவம் நசுங்கக் கூடாது, உக்காந்து எந்திரிச்சா இடுப்புல பிடிக்கக் கூடாது. மூணு தடவை பிரிச்சுத் தைக்க வச்சேன். மெரூன் கலரு. தங்கப் பொத்தான். டிராபிக் போலீஸுன்னு எவன் சொல்றான்னு பாக்குறேன்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளையார் முன்னாடி வச்சு எடுத்துத்தான் போட்டேன். கோட்டுக்கு எங்க மஞ்சள் வைக்கிறதுன்னு எனக்கு ஒரே குழப்பம். சேலைன்னா முந்தி இருக்கு, வேட்டின்னா மூலை இருக்கு. கோட்டுக்கு ஏது மூலை? வெளிய வச்சா வெள்ளைக்காரன் கறைன்னு நினைப்பான். அங்க இங்கன்னு திருப்பித் திருப்பிப் பாத்து, கடைசியில யார் கண்ணுலயும் படாத இடமா ஒரு பொட்டு வச்சேன். எங்கன்னா... இரு, காட்டுறேன். காலருக்கு உள்பக்கம். பிடரி படுற இடம்.

ஏன் அப்படிப் பாக்குற?

எதுக்கு அந்தக் கோட்டை மறுபடியும் எடுக்குற? விடு. ரெண்டையும் எதுக்குச் சேத்து வைக்கிற? அது குழம்பு, இது மஞ்சள். அது வேற, இது வேற. குழம்புன்னா எண்ணெய் படர்ந்திருக்கும்னா? படரல. ஆமா. ஒரு விரல் அளவுக்கு வட்டமா இருக்கு. ஆமா.

குடு இங்க.

மருமக வச்சிருப்பா. இல்ல, அவ எங்க வைப்பா, அவ சுடிதாரை விலைச்சீட்டோட போட்டுக்கிட்டு ஆபீஸ் போறவ. அந்த வீட்டுல வேற யாரு இருந்தா? இவதான் இருந்தா.

கொஞ்சம் தண்ணி குடு தாயி.

தானே தொட்டு வச்சிருக்கா. அடுப்படியில நின்னு வச்சிருப்பா. வெளிய தெரியாம, காலருக்கு உள்ள. தெரியுற மாதிரி வச்சு, தட்டுல எடுத்துக்கிட்டு வந்திருந்தா நான் வாங்கியிருப்பேனா, மாட்டேனான்னு என்கிட்ட கேக்காத. கேக்காத, சொல்லிட்டேன். அவுக கையால மஞ்சள் வச்சதை நான் உடுத்துவேனா மாட்டேனான்னு அவுகளுக்கே தெரியாமத்தான் பிளாஸ்டிக் பையில கொண்டாந்திருக்காக. என் அளவு எப்படித் தெரிஞ்சுச்சோ. கல்யாணத்துக்கு எனக்கு ரவிக்கை தைச்சுக் குடுத்தாக, அதை ஞாபகம் வச்சிருப்பாகளா இருக்கும்.

நான் அழல. ஏசி கண்ணுல அடிக்குது.

சொல்றதுக்கு என்ன கேடு அவளுக்கு? "புதுசு சம்பந்தி, மஞ்சள் வச்சிருக்கேன்"னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாலு வருஷம் வாயைத் திறக்கலையே! நாலு வருஷம் நான் பீரோவைத் திறந்து திறந்து மூடுனேனே! அந்த மழையில என்னைய மஞ்சச் சட்டையோட திரிய விட்டுட்டு, கல்லு மாதிரி இருந்தாளே! இதுக்கு அவளைச் சும்மா விடுவேன்னு நினைச்சியா? முன்னதை விட இப்பத்தான் எனக்கு ஆத்திரம் பத்திக்கிட்டு வருது.

இந்தக் கையைப் பிடி. இந்த மெரூனைக் கழட்டணும். முந்தானையை இழுத்து விடு. ஆமா, அந்த நீலத்தை எடு. இனி இதைத்தான் போட்டுக்கிட்டுப் போய் இறங்கப் போறேன். பிடரியில படுற மாதிரி நல்லா ஏத்தி விடு. ம். பத்தலைன்னு சொல்ல முடியாது.

தட்டு வைக்கிறதா? வைக்காம எப்படி? தாம்பாளம் பெட்டியிலதானே இருக்கு. பால் காய்ச்சுற அன்னிக்கு இந்தக் கோட்டைக் கழட்டி அதுல வச்சு, வெத்தலை பாக்கு வச்சு, மஞ்சள் குங்குமம் வச்சு, அவ கையில குடுக்கப் போறேன். தம்பி பொண்டாட்டி கையில இல்ல, அவ கையில. "எல்லாருக்கும் முன்னாடி நடந்து வந்து, உங்க கையால எனக்கு இதை மறுபடியும் குடுங்க சம்பந்தி"ன்னு கத்திச் சொல்வேன். மெதுவா எல்லாம் சொல்ல மாட்டேன். எவளாவது ஒருத்தி "அவுக எதுக்குத் தட்டைத் தூக்குறாக?"ன்னு வாயைத் திறக்கட்டும், அன்னிக்கு இருக்கு. அடுப்படிக்கு ஓடப் பாப்பா. விட மாட்டேன். வாசல்ல நான் நிப்பேன். அவளுக்குக் கண்ணு கலங்கும், கலங்கட்டும். பாத்துக்கிட்டே நிப்பேன்.

இந்த மெரூனு? இதை அவளுக்குத்தான் போட்டு விடப் போறேன். அவ உடம்புக்குச் சாக்கு மாதிரித் தொங்கும், கை முழங்கைக்கு மேல நிக்கும். போட்டுக்கிட்டு எல்லார் முன்னாடியும் நடுவுல நிக்கட்டும், நான் பக்கத்துல நீலத்துல நிப்பேன். போட்டோ எடுத்து நானே அந்தக் குரூப்புல போடுறேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

அந்தா, எங்க வீட்டுக்காரக வர்றாக. அவுககிட்ட ஒண்ணும் சொல்லிராத. எதுக்குக் கோட்டை மாத்துனேன்னு கேட்டாகன்னா, நான் சொல்லிக்கிடுறேன், மெரூனு உள்ள வேர்க்குதுன்னு.